மடியில் கட்டிய ஓணான்

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, "குத்துகிறதே, குடைகிறதே" என்று புலம்புவானேன் என்பார்கள் நம் பாட்டிமார். வேண்டாத வம்பை விலைக்கு வாங்குகிறவர்களைப் பார்த்துச் சொல்லுகிற பழமொழி. இதை முதலில் சொன்ன புண்ணியவான், ஓணானை மெய்யாகவே மடியில் கட்டிக்கொள்ளும் மனிதர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்று கனவிலும் கருதியிருக்க மாட்டார். நம் ஊரில் ஓணானுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு கல்லெறி உறவுதான். இராமபிரான் தாகத்தால் வருந்தியபோது அணில் இளநீர் கொண்டுவந்து கொடுத்ததாம். ஓணான் கொடுத்தது வேறு நீராம். அந்தக் குற்றத்துக்கு இன்றைக்கும் சிறுவர்கள் தண்டனை வழங்கிக்கொண்டிருக்கிறார்கள். அப்பீல் செய்துகொள்ள ஓணானுக்கு வக்கீல் கிடையாது.

மேல்நாடுகளிலோ பழமொழியை வார்த்தைக்கு வார்த்தை மெய்ப்பிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் மடியில் கட்டிக்கொள்வது ஆஸ்திரேலிய ஓணான். 'பியர்டட் டிராகன்' என்று பெயர். அதாவது தாடி வைத்த டிராகன். நம் வேலி ஓணானும் அதுவும் 'அகாமிடே' என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பங்காளிகள். ஒரு பங்காளிக்கு டிராகன் என்ற பட்டம், கண்ணாடி மாளிகை, வேளைக்குச் சாப்பாடு. இன்னொரு பங்காளிக்குக் கல்லடி. மனிதக் குடும்பங்களில் இதைவிட அதிசயமானதையெல்லாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

மூக்கிலிருந்து வால் நுனி வரை அளந்தால் ஒன்றரை அடிக்குக் குறையாது. மோவாயின் கீழே முள் முள்ளாகத் தோல். கோபம் வந்தால் அதை உப்ப வைத்து மைக் கறுப்பாக்கிக் கொள்ளும், அதுதான் தாடி. பெரிய ஓணானைச் சின்ன ஓணான் கண்டால் ஒரு முன்னங்காலைத் தூக்கி மெல்ல வட்டமிட்டு ஆட்டும். "ஐயா, நான் சண்டைக்கு வரவில்லை" என்பது அதன் பொருள். தலை உச்சியில், செதில்களுக்கு நடுவே, ஒளியையும் நிழலையும் மட்டும் உணரும் மூன்றாவது கண் ஒன்று இருக்கிறது. நெற்றிக்கண் என்று சொல்லலாம். எரிக்கும் சக்தி மட்டும் இல்லை.

உள்ளங்கையளவு குட்டியாக இருக்கும்போது ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். வளர்ந்ததும் ஆசை தேய்ந்துவிடுகிறது. பையன் படிக்க வெளியூர் போய்விடுகிறான். வீடு மாற நேர்கிறது. மின்சாரச் செலவு கட்டுப்படியாகவில்லை. ஓணான் பிராணி காப்பகத்துக்கு வந்து சேருகிறது. வரும்போதே பல ஓணான்களுக்குக் கால் வளைந்திருக்கும், விரல் நடுங்கும், தாடை ரப்பர் மாதிரி துவளும். இப்படி வந்ததைத் தத்து எடுக்க முன்வருகிற நல்ல ஆத்மாக்களும் உண்டு. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது என்ன சாப்பிடும்?" என்பது.

வீட்டுக்கு வந்தவரை "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டுப் பழகிய நமக்கு இது நியாயமான கேள்வியாகவே தோன்றும். நியாயமானதுதான், ஆனால் பாதிக் கேள்வி. மற்றப் பாதியைக் கண்டுபிடிக்க லண்டன் மாநகரத்துப் பெரியவர்களுக்கு 78 வருஷம் பிடித்தது. அந்தச் சரித்திரத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

1849-இல், லண்டன் ரீஜெண்ட் பூங்காவில் உள்ள மிருகக்காட்சிசாலையில், ஊர்வனவற்றுக்கென்றே ஒரு தனிக் கட்டடம் திறந்தார்கள். உலகத்திலேயே அதுதான் முதலாவது. ஜனங்கள் திரண்டு வந்தார்கள். பாம்புகளுக்குக் குளிருமே என்று இரக்கப்பட்டுக் கூண்டுகளில் கம்பளி போட்டு வைத்தார்கள். கம்பளி என்பது உடம்பில் உண்டாகும் சூட்டை வெளியே போகாமல் காப்பது. பாம்புக்கும் பல்லிக்கும் உடம்பில் சூடு உண்டானால் அல்லவா காப்பதற்கு? வெயிலிலும் கல்லிலுமிருந்து சூட்டைக் கடன் வாங்கிப் பிழைக்கும் ஜீவன்கள் அவை. கடனே கிடைக்காதவனுக்கு இரும்புப் பெட்டி கொடுத்தது போல ஆயிற்று இந்தக் கம்பளி உபசாரம். ஒரு போவாப் பாம்பு தனக்குக் கொடுத்த கம்பளியையே விழுங்கிவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் வயிற்றில் வைத்திருந்து பிறகு கக்கியது. அந்தக் காலத்துப் பராமரிப்பைப் பற்றி அதைவிடத் தெளிவான விமரிசனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

1852-இல் ஒரு காவலாளியை அங்கிருந்த நல்ல பாம்பு கடித்து, அவர் இறந்து போனார். அது முதல் ஊர்வனவற்றிடமிருந்து மனிதர்களை எப்படிக் காப்பது என்ற யோசனை பலமாக நடந்தது. மனிதர்களிடமிருந்து ஊர்வனவற்றை எப்படிக் காப்பது என்ற யோசனை நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை.

இவ்வளவுக்கும் ஒரு நல்ல உதாரணம் அதே இங்கிலாந்தில் முன்பே நடந்திருந்தது. கில்பர்ட் ஒயிட் என்று ஒரு கிராமத்துப் பாதிரியார். செல்போர்ன் என்ற ஊர். அவருடைய அத்தை ஒருத்தி ரிங்மர் என்ற ஊரில் 'திமோதி' என்ற ஆமையை நாற்பது வருஷம் வளர்த்தாள். அவள் 1780-இல் காலமானதும் ஆமை மருமகன் பங்குக்கு வந்தது. மார்ச் மாதம், ஆமை மண்ணுக்கடியில் குளிர்காலத் தூக்கத்தில் இருந்தது. அதைத் தோண்டி எடுத்து, பெட்டியில் வைத்து, குதிரை வண்டியில் 80 மைல் கொண்டுவந்தார் பாதிரியார். வண்டி குலுங்கிய குலுக்கலில் ஆமைக்கு விழிப்பு வந்துவிட்டது. புதுத் தோட்டத்தில் விட்டதும் கோடிவரை இரண்டு முறை நடந்து பார்த்தது. சாயங்காலம் குளிர் கண்டதும் திரும்பவும் மண்ணைத் தோண்டிப் புதைந்துகொண்டது. ஆசாமி அதைத் தடுக்கவில்லை. பதின்மூன்று வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்துக் குறித்து வைத்தார். காது கேட்கிறதா என்று ஊதுகுழலை வைத்துக் கத்திப் பார்த்தார். ஆமை சட்டை செய்யவில்லை. அது எதைத் தின்கிறது, எப்போது தூங்குகிறது, இளவெயிலில் சுவரோரம் ஓட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு எப்படிச் சூடு ஏற்றிக்கொள்கிறது என்று எல்லாம் எழுதினார். 1793-இல் அவர் இறந்தார். ஆமை மறு வருஷம் இறந்தது. அதன் ஓடு லண்டன் மியூசியத்தில் இருக்கிறது. திமோதி ஆண் அல்ல, பெண் என்பது பிற்பாடு ஓட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது! ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்த மழை நாட்டில் அது பிழைத்ததற்குக் காரணம், வெயில் வேண்டும்போது வெயிலுக்கும் நிழல் வேண்டும்போது நிழலுக்கும் தானே நடந்து போக அதற்குச் சுதந்திரம் இருந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மிருகக்காட்சிசாலையின் பெட்டியில் அந்த நடை கிடையாது. அங்கே எல்லா மூலையும் ஒரே மூலை.

நிற்க. கதையின் அடுத்த பாத்திரங்கள் சிங்கக் குட்டிகள். 1880-களில் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பிறந்த சிங்கக் குட்டிகள் பிழைப்பதில்லை. ரிக்கெட்ஸ் என்னும் நோய்; எலும்பு கெட்டிப்படாமல் வளைந்து போகும். எலும்பில்லாத மெலிந்த குதிரை இறைச்சி அவற்றின் ஆகாரம். பிளாண்ட் சட்டன் என்ற ரண சிகிச்சை டாக்டரிடம் யோசனை கேட்டார்கள். அவர் கூண்டை மாற்றச் சொல்லவில்லை. ஆகாரத்தை மாற்றச் சொன்னார். ஆட்டிறைச்சி, இடித்த எலும்பு, பால், மீன் எண்ணெய். நம்மில் பலர் சிறு வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினோமே, அதே மீன் எண்ணெய்தான். சில மாதங்களில் குட்டிகள் தேறிவிட்டன. எதனால் தேறின என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை.

காரணத்தின் இன்னொரு நுனி பெர்லினில் அகப்பட்டது. முதல் உலக யுத்தம் முடிந்த குளிர்காலம். ஊரெங்கும் பசி, வளைந்த கால்களோடு குழந்தைகள். கூர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை வைத்தியர் நான்கு குழந்தைகளைப் பாதரச விளக்கின் முன்னால் உட்கார வைத்தார். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களை வீசும் விளக்கு அது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்புகளில் சுண்ணாம்புச் சத்து படியத் தொடங்கியிருந்தது! பிறகு அவர் ஒரு கெட்டிக்கார வேலை செய்தார். ஒரு குழந்தையின் ஒரு கையில் மட்டும் வெளிச்சம் படச் செய்தார். இரண்டு கையும் குணமாயிற்று. அப்படியானால் வெளிச்சம் பட்ட தோலிலே ஏதோ ஒரு மருந்து உற்பத்தியாகி, இரத்தத்தோடு கலந்து, வெளிச்சம் படாத கைக்கும் போய்ச் சேருகிறது என்று ஆகிறது. 1919-இல் இதை வெளியிட்டார். அந்த மருந்துக்கு டி வைட்டமின் என்று பிறகு பெயர் வைத்தார்கள். மீன் எண்ணெயில் இருப்பதும் அதுவே. இவ்வளவு சாப்பிட்டும் சுண்ணாம்புச் சத்து ஏன் உடம்பில் ஒட்டவில்லை என்ற புதிருக்கு விடை கிடைத்துவிட்டது. சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிர்களைத் தடுத்துவிடுகிறது என்பதும் தெரிய வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பளிச்சென்று வெயில் காய்ந்துகொண்டிருந்த பல்லிகள் உண்மையில் இருட்டில் இருந்திருக்கின்றன.

இதையெல்லாம் ஒன்று சேர்த்துப் பார்த்து ஊர்வனவற்றுக்கு வீடு கட்டியவர் ஒரு பெண். அவரைப் பற்றிப் படித்தபோது, இவரை வைத்து யாரும் நாவல் எழுதவில்லையே என்று எனக்குப் பொறாமை கலந்த வருத்தம் உண்டாயிற்று.

குமாரி ஜோன் பிராக்டர் 1897-இல் லண்டனில் பிறந்தவர். சிறு பிராயம் முதலே நோயாளி. குடல் சம்பந்தமான தீராத வியாதி. விளையாட வேண்டிய வயதில் படுக்கை. பொம்மைகளுக்குப் பதிலாக அவர் கேட்டது பல்லியும் பாம்பும். டால்மேஷியக் கரையைச் சேர்ந்த சுவர்ப் பல்லி ஒன்று சாப்பாட்டு மேஜையில் அவர் பக்கத்தில் இருக்குமாம். ஊருக்குப் போனால் கூடவே போகுமாம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் முதலைக் குட்டியைக் கையோடு கொண்டுபோனார். கணக்கு வாத்தியாரம்மா என்ன பாடுபட்டாரோ! சர்வகலாசாலையில் சேர உடம்பு இடம் கொடுக்கவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஊர்வன சாஸ்திரத்தில் தலைசிறந்து விளங்கிய பூலஞ்ஜர் இந்தப் பெண்ணின் ஆர்வத்தைக் கண்டு 1916-இல் உதவியாளராக வைத்துக்கொண்டார். பத்தொன்பதாவது வயதில், நரைத்த தாடிகள் நிறைந்த விலங்கியல் சங்கத்தில் விரியன் பாம்பைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். 1923-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையின் ஊர்வனப் பகுதிக்கே அதிகாரியானார். ஒரு பெண் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. பத்திரிகைகள் அமர்க்களப்படுத்தின.

புதுக் கட்டடத்துக்குத் திட்டம் போட்டவர் அவர்தான். கை எழுதியது கட்டடக் கலைஞர் டாபர். 1927-இல் திறந்தார்கள். மூன்று காரியங்கள் அதில் விசேஷம். முதலாவது, கூண்டு முழுவதையும் ஒரே சீராகச் சூடாக்காமல், மின்சாரத்தால் ஓரிடம் சூடாகவும் ஓரிடம் தணிந்தும் இருக்கச் செய்தார். கிழத் திமோதிக்குச் செல்போர்ன் தோட்டத்தில் கிடைத்த சுதந்திரம் இப்போது நான்கடிப் பெட்டிக்குள் கிடைத்தது. இரண்டாவது, புற ஊதாக் கதிரை உள்ளே விடும் விசேஷக் கண்ணாடி. மூன்றாவது, பார்க்க வருகிறவர்கள் நிற்கும் கூடம் இருட்டு. பிராணிகள் இருக்கும் இடம் வெளிச்சம். சினிமாக் கொட்டகை மாதிரி. அது வரையில் வெளிச்சம் என்பது பார்க்கிற மனிதனின் வசதிக்காக இருந்தது. அவர் அதைப் பார்க்கப்படுகிற பிராணியின் பக்கம் மாற்றி வைத்தார். பாலைவனப் பல்லிகள் வெயிலுக்கும் நிழலுக்குமாக மாறி மாறி நடந்து தங்கள் உடம்புச் சூட்டைத் தாங்களே நிர்வகித்துக் கொள்கின்றன என்று கௌல்ஸ், போகர்ட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் நிரூபித்தது 1944-இல். பிராக்டர் அதைப் பதினேழு வருஷம் முன்பே சிமெண்டிலும் கம்பியிலும் எழுதி வைத்துவிட்டார் என்பது என் அபிப்பிராயம்.

வீடு திறந்த அதே வருஷம் இரண்டு பெரிய விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள். கொமோடோ டிராகன்கள். ஜாவாவுக்குக் கிழக்கே உள்ள சின்னத் தீவுகளில் வாழும் இராட்சத உடும்புகள். 1912-இல்தான் அவை இருப்பதையே ஔவென்ஸ் என்ற டச்சுக்காரர் சாஸ்திர உலகத்துக்கு அறிவித்திருந்தார். மனிதனையே தின்னும், மகா மூர்க்கம் என்றெல்லாம் கேள்வி. வந்தவற்றுக்குச் சும்பாவா, சும்பா என்று பெயர் வைத்தார்கள். ஒருவருக்கும் வளர்த்த அனுபவம் இல்லாத பிராணியை எப்படி வளர்ப்பது? பிராக்டர் அவற்றின் கூடவே இருந்தார். தொட்டுப் பழகினார். நோய் வந்தால் தாமே வைத்தியம் பார்த்தார். 1928 அக்டோபரில், விலங்கியல் சங்கக் கூட்டத்துக்குச் சும்பாவாவை அழைத்து வந்து, அறிஞர்கள் முன்னிலையில் தம் கையால் உணவு கொடுத்தார். அது ஒரு பெரிய கோழியையும் முட்டைகளையும் ஒரு புறாவையும் விழுங்கிக்கொண்டிருக்கும்போது அவர் அதன் மேல் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். நினைத்தால் ஆளைக் கொல்லக்கூடிய பிராணிதான் என்பதை அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை. குழந்தைகளின் தேநீர் விருந்தொன்றில்கூடச் சும்பாவா சாதுவாக உலாவியது.

இத்தனையும் செய்துகொண்டிருந்த வருஷங்களில் அவருக்கு வலி இல்லாத நாளே அபூர்வம். 1931-இல், 34-ஆவது வயதில் இறந்தார். ஊர்வனவற்றின் எலும்புக்கு வெயிலைக் கொண்டுவந்து சேர்த்தவரின் உடம்புக்கு அந்தக் காலத்து வைத்தியத்தில் மருந்து இல்லை. அவருடைய சலவைக்கல் உருவத்தைச் செதுக்கி அந்தக் கட்டடத்தில் வைத்தார்கள். ஊர்வனவற்றுக்கு அங்கே வேறு புதிய இல்லம் 2024-இல் திறந்தார்கள். அதுவரை, ஏறக்குறைய நூறு வருஷம், அவர் கட்டிய வீடு பயன்பட்டது.

அந்தச் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்த 1926-இல், பெர்லினில் எர்ன்ஸ்ட் ஆல் என்பவர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தாடி ஓணானுக்கு 'விட்டிசெப்ஸ்' என்று சாஸ்திரப் பெயர் சூட்டினார். இன்றைக்கு வீடுகளில் வளர்வது அந்த ஜாதிதான். ஆஸ்திரேலிய சர்க்கார் 1960-களிலிருந்து தங்கள் நாட்டுப் பிராணிகளை வியாபாரத்துக்கு ஏற்றுமதி செய்யத் தடை போட்டிருக்கிறது. அப்படியானால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தனை ஓணான்கள் எப்படி? 1970, 80-களில் கள்ளத்தனமாக வெளியேறியவற்றின் சந்ததிகள் இவை. பாஸ்போர்ட் இல்லாமல் வந்த பாட்டன் பாட்டிகளின் பேரப் பிள்ளைகள். கண்ணாடிப் பெட்டியைத் தவிர வேறு நாடு அறியாதவை.

ஆக, தத்து வந்த ஓணானின் வளைந்த காலைப் பார்த்தால் அதில் பெர்லின் குழந்தைகளும் லண்டன் சிங்கக் குட்டிகளும் தெரிகின்றன. அநேகமாக அது பட்டினி கிடந்ததில்லை. வயிறு நிறையத்தான் தின்றிருக்கும். தலைக்கு மேலே சரியான விளக்கு இல்லை, அவ்வளவுதான். ஆகையால் வந்த அன்று முதலில் கவனிக்க வேண்டியது விளக்கு. பெட்டியின் ஒரு கோடியில் 40 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும் ஒரு கல். மறு கோடி தணிந்திருக்க வேண்டும். இரவில் விளக்கே வேண்டாம். அதோடு புற ஊதாக் கதிர் விளக்கு, நடுவில் கண்ணாடித் தடுப்பு இல்லாமல். இந்த விளக்கில் ஒரு மாயம் இருக்கிறது. ஆறு மாதம், ஒரு வருஷம் ஆனபின் அதன் புற ஊதாக் கதிர் குறைந்து போய்விடும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் முன்போலவே பளிச்சென்று எரியும். நன்றாகத்தானே எரிகிறது என்று நம்பி இருந்துவிடுகிறார்கள். தாடை துவண்ட ஓணான்களில் எத்தனையோ இந்தப் பளிச்சென்ற விளக்கின் கீழேயே துவண்டவை.

இனிமேல் சாப்பாடு. குட்டிக்குப் பெரும்பாலும் பூச்சி. வளர்ந்ததற்குப் பெரும்பாலும் கீரை. சுவர்க்கோழியும் ஒரு வகைக் கரப்பானும் வழக்கமான ஆகாரம். சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிக் கொடுப்பார்கள். ஓணானின் இரண்டு கண்ணுக்கும் நடுவிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி ஆகாது. கடுகுக் கீரை, பூசணி, செம்பருத்திப் பூ எல்லாம் உகந்தவை. பாலக் கீரையில் உள்ள அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்கு விடாது. ஆகையால் நித்தியப்படிக்குக் கூடாது. மின்மினிப் பூச்சி பரம விஷம். அமெரிக்க மின்மினி ஒன்றே ஓணானைக் கொன்றிருக்கிறது. ஆஸ்திரேலியாவிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் அதற்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த மின்மினி வேறு கண்டத்துப் பூச்சி.

முதல் வாரம் பல ஓணான்கள் ஒன்றுமே தின்னாது. இங்கேதான் தத்து எடுத்தவரின் கை குறுகுறுக்கும். தூக்கித் தடவத் தோன்றும். வாயைப் பிளந்து ஊட்டத் தோன்றும். செல்போர்ன் பாதிரியார் செய்தது போலச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதே உசிதம். தண்ணீர் வைத்து, விளக்கைப் போட்டு, பிராணி வைத்தியரிடம் ஒரு முறை காட்டிவிட்டு, அதன் போக்கில் விட வேண்டும். துவண்ட தாடை சில மாதங்களில் மெல்லக் கெட்டிப்படும். ஏற்கெனவே வளைந்து இறுகிப்போன கால் மட்டும் திரும்ப நேராவதில்லை. அந்தக் கோணல் காலோடுதான் காலையில் விளக்கு ஏறியதும் கல்லின் மேல் தொற்றி ஏறும். உடம்பை அப்பளம் மாதிரி தட்டையாக விரித்துக்கொண்டு, வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு, மூன்று கண்ணும் வெளிச்சத்தில் இருக்கும்படி, மணிக்கணக்காக அப்படியே கிடக்கும். பூச்சியை நீட்டினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.